சிவப்புத் துண்டு கட்டிய குற்றம்

தூத்துக்குடி,
12-3-1947

அன்புள்ள முத்துக்கனிக்கு,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள், எழுதியது நானே! நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா?

நேற்று உப்பு மூட்டை தூக்க, இடுப்பில் சிவப்புத் துண்டை இறுக்கியிருந்தேன். இங்கே அது சிலம்ப வாத்தியார் மட்டும் கட்டும் கச்சையாம். வாத்தியார் வீரபாகு என் முன்னால் கம்பைப் போட்டார்.

"ஓய் பெரியவரே, கச்சை கட்டினா கம்பெடுக்கணும். இல்லன்னா அவுத்துட்டுப் போம்."

கூட்டம் வளைத்துக்கொண்டது. எடுத்தால் மண்டை உடையும். அவிழ்த்தால் துறைமுகமே சிரிக்கும். கம்பெடுக்கக் குனிந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை.

"வாத்தியாரே, இது இடுப்பு வலிக்குக் கட்டினது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். தம் கையாலேயே துண்டை இன்னும் இறுக்கினார். "வலி தீருத மட்டும் நீரும் வாத்தியார்தாம்வே!"

ஆனாலும் சனிக்கிழமை வண்டியில் வேறு துணி கொடுத்தனுப்பு. சிவப்பு வேண்டாம். புதிதும் வேண்டாம், நீ உடுத்திய சேலையில் கிழித்தது போதும். சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

செந்தூர்பாண்டி