அண்டா கறுக்கவில்லை

ஆவணி, புதன்கிழமை இரவு

பேரன் கார்த்தி வீட்டிலேயே பீர் காய்ச்சப் போகிறான். அதற்காகப் பேகம்பூரில் ஒரு பிரியாணிக்கடைக்காரர் விற்ற பழைய அலுமினிய அண்டாவை வாங்கி வந்து, தண்ணீர் நிறைத்துக் கொதிக்க வைத்தான். உள்பக்கம் கறுக்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. இட்லிக் கொப்பரையில் போடுவது போல ஒரு துண்டு புளியைப் போட்டுவிட்டேன்.

வந்து பார்த்தான். அண்டா வெள்ளி மாதிரி மின்னியது.

"அப்பத்தா, உள்ள என்ன போட்டீக?"

"ஏலே, புளிதான். என் வீட்ல ஒரு பாத்திரமாச்சும் கறுத்துருக்கா?"

"அந்தக் கறுப்புதான் வேணும். இல்லாட்டி பீர்ல அலுமினிய வாடை அடிக்கும்."

புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் விட்டுவைத்தால் மறுநாள் ஒரு வாடை வருமே, அதுதான் போலிருக்கிறது. இத்தனை வருடமும் அந்தக் கறுப்பை அழுக்கு என்றே நினைத்திருந்தேன்.

மறுபடி வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். அவன் அப்பனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வானோ.

படுக்க வருமுன் மூடியைத் திறந்து பார்த்தேன். நன்றாகக் கறுத்திருக்கிறது. தேய்க்கக் கை பரபரத்தது. தேய்க்காமல் மூடிவிட்டு வந்தேன். பீர் என்ன ருசியோ. முதல் டம்ளர் எனக்குத்தான் என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.