மேற்கு ஜன்னலில் வைத்த விளக்கு

12 பெப்ரவரி 1986, புதன்

வேலை முடிந்து வந்தால் வீட்டில் சோறு இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் மனுசி எழுதிய ஒரு துண்டுதான் இருந்தது: "வகுப்புக்குப் போறன். பாண் இருக்கு, நேற்றையான் பருப்பு இருக்கு." இது மூன்றாவது புதன்கிழமை. பென்ரோஸ் கிடங்கில் எட்டு மணித்தியாலம் பெட்டி எண்ணிவிட்டு வருகிற மனிதனுக்குப் பேக்கரிப் பாணும் நேற்றையான் பருப்பும்! தையல் வகுப்பாம். இதுவரை ஒரு தலையணை உறைகூடத் தைத்துக் காட்டவில்லை.

15 பெப்ரவரி, சனி

தையல் வகுப்பு இல்லை. சூனிய வகுப்பு!

கத்தரிக்கோல் தேடி ரதிதேவியின் பைக்குள் கைவிட்டேன். ரோனியோ மெசினில் படியெடுத்த ஒரு கைநூல் வந்தது. இருபத்துநாலு பக்கம். 'விக்கா: தொடங்குகிறவர்களுக்கு ஓர் அறிமுகம்' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. முதல் வரியிலேயே "நாங்கள் சூனியக்காரிகள்" என்று வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறது. எழுதியவள் ஐலீன். த்ரீ கிங்ஸ் கடையில் ரதியோடு துணிப் பகுதியில் நிற்கிற அந்த நரைத்த தலை வெள்ளைக்காரிதான்.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். "உமக்கென்ன விசரே? கணக்கு வாத்தியார் ஏரம்பமூர்த்தியின்ரை மனுசி ஒக்லண்டிலை சூனியம் படிக்கிறாள் எண்டு சனம் கதைக்கோணுமோ?"

ரதி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "வாசிச்சுப் பாருங்கோ. பிறகு கத்துங்கோ."

16 பெப்ரவரி, ஞாயிறு

வாசிக்கிறேன், சிவப்புப் பேனாவோடு. பதினான்கு வருடம் யாழ்ப்பாணத்தில் கொப்பி திருத்திய கை இது. ஒரு பிழை தப்பாது.

இவர்கள் பிசாசை வணங்குவதில்லையாம். பிசாசு கிறிஸ்தவர்களின் ஆளாம், இவர்களுக்கு அவனோடு பழக்கமே இல்லையாம். சரி, விடுவோம். ஒரு தாய்த் தெய்வம், கொம்பு வைத்த ஓர் ஆண் தெய்வம். வருடத்துக்கு எட்டுத் திருநாள், அதைவிட முழுநிலா வருகிற பறுவத்துக்குப் பறுவம் ஒரு கூட்டம். வட்டம் கீறி, நாலு திசைக்கும் திரும்பி வணக்கம் சொல்லி, விளக்கு ஏற்றுகிறார்கள். கிழக்கு காற்றுக்கு, மேற்கு தண்ணீருக்கு. வடக்கில் நெருப்பு, தெற்கில் மண். இங்கிலாந்தில் அந்த இரண்டும் மறுபக்கமாம். பூமியின் இந்தத் தென்பாதியில் வெயில் வடக்கால் வருவதால் மாற்றிப் போட்டார்களாம். மதத்தை இப்படி வீட்டுக் கதிரை மேசை மாதிரி இடம் மாற்றி வைக்கலாமோ? ஒரு கத்தியும் உண்டு. அதால் ஒரு தக்காளிகூட வெட்டக் கூடாது, வட்டம் கீற மட்டும்தான். பிறகேன் கத்தி?

போப்பாண்டவர் இல்லை, வேதப் புத்தகம் இல்லை, ஐயர் இல்லை. தனியே வீட்டில் இருந்தும் தொடங்கலாமாம். ஆருக்கும் தீங்கு செய்யாமல் விரும்பியதைச் செய், இவ்வளவுதான் சட்டம். செய்தது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்கிறார்கள். எப்படி அளந்தார்கள்? ஓரத்தில் எழுதினேன்: 'நிறுவுக.'

பக்கத்துக்குப் பக்கம் 'பழைய வழி, பழைய வழி' என்றுவிட்டு, பதினெட்டாம் பக்கத்தில் உண்மையைச் சொல்கிறார்கள். இப்போதைய உருவில் இதை வெளியே கொண்டுவந்தது முப்பது வருடத்துக்கு முந்தி ஓர் இங்கிலாந்துப் பென்சன்காரர். அந்த ஆள் இளமையில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவராம்! தேயிலையோடு வேறு என்னவெல்லாம் கொண்டுபோனாரோ? இரண்டு தரம் அடிக்கோடு போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

28 பெப்ரவரி, வெள்ளி

சபாரத்தினம் வீட்டில் பஜனை. இங்கே இருக்கிற எங்கள் கொஞ்சக் குடும்பங்களுக்கு அவர்தான் ஐயர், நீதவான் எல்லாம். சுண்டல் கொடுக்கிற நேரம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "என்ன மூர்த்தி, மனுசி வெள்ளைக்காரியளிட்டை மந்திரம் பழகுறாவாம்? வால்வெள்ளி தெரியிற வருசம், கவனம்." சிரிப்பு. பிறகு தோளில் கை வைத்து, "ஒரு பிள்ளை இருந்தா இந்த ஆட்டம் எல்லாம் நிண்டிடும்" என்றார்.

ஒரு பிள்ளை இருந்தது. 1984 ஆகஸ்ட் எட்டாம் தேதி, ஆஸ்பத்திரியில், உயிரில்லாமல் பிறந்தாள். ரதிக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. இது சபாரத்தினத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு சொல்கிறார், பெரிய மனிதர்!

நான் என்ன செய்தேன்? சுண்டலைச் சாப்பிட்டேன்.

1 மார்ச், சனி

ரதியிடம் சுண்டல் கதையைச் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது.

12 மார்ச், புதன்

நானே காரில் கொண்டுபோய் விட்டேன். வேவு பார்க்கத்தான், ஒளிப்பானேன். ஐலீன் வீட்டுக் கராஜ். ஆறு பெண்கள், மெழுகுதிரி, ஒரு கோப்பையில் தண்ணீர், ஒரு கோப்பையில் உப்பு. எனக்குத் தேநீர் வந்தது, குடிக்க முடியாத தேநீர். நான் விடுவேனா? கைநூலை விரித்து, இறந்தவர்களின் திருநாளைக் காட்டினேன். இங்கிலாந்தில் அது ஒக்டோபர் கடைசி. நீங்கள் ஏப்ரல் முப்பது என்று அடித்திருக்கிறீர்கள், பிழை என்றேன்.

"இங்கே இலை விழுவது ஏப்ரலில்தானே, மூர்த்தி" என்றாள் ஐலீன். "நிற்கிற மண்ணைப் பார்த்து நாள் வைக்கிறோம்."

எங்கள் சபாரத்தினம் யாழ்ப்பாணத்துச் சூரிய உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தை ஒக்லண்டில் அப்படியே விரித்து வைத்து விரதம் சொல்கிறார். கணக்குப் படிப்பித்தவன் நான் ஒரு நாள் வாய் திறந்தேனா? அதுவும் சேர்ந்து எரிச்சல்.

வட்டத்தில் ரதி மேற்குப் பக்கம் போய் நின்றாள். மற்ற இடமெல்லாம் காலியாக இருந்தது, நேரே மேற்குக்குத்தான் போனாள். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க ஏலவில்லை. காருக்குள் போய் இருந்தேன்.

2 ஏப்ரல், புதன்

வகுப்பால் வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "முப்பதாம் தேதி எல்லாரும் தங்கடை செத்த ஆக்களின்ரை பேரைச் சொல்லி, அவையின்ரை பொருள் ஒண்டை நடுவிலை வைப்பினம். ஒருத்தி தேப்பன்ரை கண்ணாடி கொண்டு வாறாளாம். என்னட்டை ஒண்டும் இல்லை. நீங்கள் பிள்ளையை அடக்கம் பண்ணின இடத்திலையிருந்து ஒரு பிடி மண் எடுத்துத் தாங்கோ."

"சுடலை மண்ணை வீட்டுக்குக் கொண்டு வாறதோ? உமக்குத் தீட்டுத் துடக்கு ஒண்டும் இல்லையோ?" என்று பாய்ந்தேன்.

"ஒரு பிடிதான்" என்றாள்.

3 ஏப்ரல், வியாழன்

எழுதுகிறேன். இங்கேயாவது எழுதுகிறேன்.

நான் அடக்கம் பண்ணவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நீட்டினார்கள். எல்லாவற்றையும் தாங்களே செய்வார்கள் என்று இருந்தது. கையெழுத்து வைத்தேன். உயிரில்லாமல் பிறந்த பிள்ளைக்கு எங்களில் கிரியை இல்லை, அதை மறந்திட்டு மனுசியைப் பார் என்று சபாரத்தினமும் சொன்னார். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். பெட்டி எண்ணினேன்.

ரதி கட்டிலில் படுத்தபடி, தானும் வரவேணும் என்று கேட்டாள். "சுடலைக்குப் பொம்பிளையள் வாறதில்லை" என்றேன். எல்லாம் முறைப்படி செய்தேன், பால் விட்டேன், பூப் போட்டேன் என்றேன். எங்கை வைச்சனீங்கள் என்று கேட்டாள். "மேற்காலை. கடலைப் பார்த்த இடம்." வாயில் வந்ததைச் சொன்னேன்! அன்றைக்குத் தொடங்கி ஒவ்வொரு மாதமும் எட்டாம் தேதி மேற்கு ஜன்னலில் விளக்கு வைக்கிறாள். பத்தொன்பது விளக்கு ஆகிவிட்டது.

ஆரோடு எனக்கு இவ்வளவு கோபம்? ஐலீனோடா?

9 ஏப்ரல், புதன்

மழை, அந்தப் பாதை சேறு என்று சொன்னேன். "சேறும் மண்தானே" என்றாள்.

14 ஏப்ரல், திங்கள்

வருடப்பிறப்பு. அவள் புதுச்சீலை உடுக்கவில்லை. தலைக்கு வைத்து முழுக மருத்துநீர் இல்லை, பொங்கல் இல்லை. நான் ஒரு தட்டை உடைத்தேன். தவறி விழுந்தது என்று சொன்னேன். அதுவும் பொய்.

22 ஏப்ரல், செவ்வாய்

மத்தியானம் கிடங்குத் தொலைபேசியில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். பேர், தேதி கேட்டாள் ஒருத்தி. பொறுங்கள் என்று போனாள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நிமிடம். மயானத்தின் பேர், வரிசை, இலக்கம், எல்லாம் வாசித்துக் காட்டினாள். இருபது மாதமாக நான் கேட்காத ஒன்றுக்கு மூன்று நிமிடம்!

நான் தினமும் வேலைக்குப் போகிற தெருவில் இருக்கிறது அது. வீட்டுக்குக் கிழக்கே. போகவரக் கணக்குப் பார்த்தால் எண்ணூறு தடவைக்கு மேல் அந்தக் கேற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அரைநாள் லீவு போட்டுப் போனேன். புல். வரிசையாகச் சின்னச் சின்ன இலக்கத் தகடுகள், எல்லாம் குழந்தைகள். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கொண்டுபோயிருந்தேன், மண் எடுக்க. குனிந்தேன். கை போகவில்லை. பெட்டி வெறுமையாகத்தான் திரும்பி வந்தது.

25 ஏப்ரல், வெள்ளி

அன்சாக் தினம், போரில் செத்தவர்களை நினைக்கிற நாள், லீவு. காலையில் சொல்லிவிட்டேன். படிவம், கையெழுத்து, மூன்று நிமிடம், கிழக்கு — எல்லாம்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "முகம் பாத்தனீங்களோ?"

"நேர்ஸ் கேட்டவ. நான் வேண்டாமெண்டன்."

"நான் மயக்கத்திலை பாக்கேல்லை. நீங்கள் முழிச்சுக்கொண்டு பாக்கேல்லை." எழும்பிப் போய் மேற்கு ஜன்னல் விளக்கை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். எண்ணெய் என் சட்டையெல்லாம். பிறகு கைநூலை எடுத்து விரித்தாள். "பக்கமெல்லாம் சிவப்பு. அந்தப் படிவத்தை வாசிக்கேக்கை இந்தப் பேனை எங்கை போனது?"

நானும் கத்த வாய் திறந்தேன். அதற்குள் ஒரு பையோடு ஐலீன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

26 ஏப்ரல், சனி

பாண்.

27 ஏப்ரல், ஞாயிறு

சபாரத்தினம் தொலைபேசி எடுத்தார். மனுசி சூனியக்காரியோடு போய்விட்டாளாம் என்று கேள்விப்பட்டாராம், தான் வந்து கதைக்கட்டோ என்றார். "அண்ணை, மறக்கச் சொன்னது நீங்கள். கேட்டது நான். இனி இந்த வீட்டுக் கதையை ஒருதரும் கதைக்க வேண்டாம்" என்று வைத்துவிட்டேன். இதை இரண்டு வருடத்துக்கு முந்திச் செய்திருக்க வேண்டும்.

30 ஏப்ரல், புதன்

பகல் பன்னிரண்டுக்குக் கிடங்குக்குத் தொலைபேசி எடுத்தாள். "மூண்டு மணிக்கு வந்து காரிலை ஏத்துங்கோ. இடத்தைக் காட்டுங்கோ." வேறு கதை இல்லை.

கேற்றடியில் ஐலீனும் இன்னும் இரண்டு பேரும் ஏற்கனவே நின்றார்கள். ஐலீன் கையில் ஒரு மெழுகுதிரி, ஒரு போத்தல் பால். பால் ரதி சொல்லி வாங்கியதாக இருக்க வேண்டும். இலக்கம் எழுதிய தாளை ரதி வாங்கினாள். நானும் கார்க் கதவைத் திறந்தேன்.

"நீங்கள் இருங்கோ" என்றாள். "சுடலைக்கு ஆம்பிளையள் வாறதில்லை."

இருந்தேன். ஐம்பது நிமிடம். ரோட்டோரத்து மரத்தில் இலை கொட்டிக்கொண்டிருந்தது, கண்ணாடியெல்லாம் இலை. கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால் நிறையவே வந்தது. ஆனால் இறங்கிப் போகவில்லை.

முழங்கால் இரண்டும் சேறாக வந்தாள். நகத்துக்குள்ளும் மண். என்னோடு வீட்டுக்கு வந்தாள். விளக்கைக் கழுவிக் கிழக்குப் பக்கத்துக் குசினி ஜன்னலில் வைத்தாள். சோறு நான் போட்டேன், குழைந்துபோனது. அப்படியே சாப்பிட்டாள்.

"பேர் ஏதும் வைச்சனீரோ?" என்று கேட்டேன்.

"வைச்சாச்சு."

"என்ன பேர்?"

கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தாள். "வாற வருசம் உள்ளுக்கு வாங்கோ. அப்ப சொல்லுறன்."

அடுத்த ஏப்ரல் முப்பது வியாழக்கிழமை. இப்போதே லீவு கேட்டு வைக்க வேண்டும்.