இடது பக்கத்தில் உன் பேர்

என் அலமேலுவுக்கு,

எப்படி இருக்கன்னு கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகுது. இந்தக் கைக்கு அதுதான் வியாதி. நீ செத்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த மூணு மாசமும், லீவு நாள் தவிர, தினமும் காலைல ஒன்பது மணிக்கு நம்ம ஸ்கூல் மொத்தமும் நீ சீக்கிரம் குணமாகணும்னு வேண்டிக்கிட்டு இருந்தது. எழுதிக் கொடுத்தது நான்தான்.

சிரிக்காத. "இன்னா யக்கா, கிளார்க்கு வேல பாக்கறவங்க இப்டியா பண்ணுவீங்க"ன்னு நீ கேக்கறது எனக்குக் கேக்குது. இதை மத்தவங்களும் படிக்கப் போறாங்க. அதனால உனக்குத் தெரிஞ்சதையே கொஞ்சம் திருப்பிச் சொல்றேன், பொறுத்துக்க.

கள்ளக்குறிச்சியில சிஸ்டருங்க நடத்துற பொண்ணுங்க ஸ்கூல் நம்மது. ஹாஸ்டல் கிடையாது. காலைல வந்து சாயந்தரம் போகணும், நாலரைக்குக் கேட்டைச் சாத்திடுவாங்க. நான் ஆபீஸ் கிளார்க்கு. நீ பி.டி. டீச்சர், கரியாலூர் பக்கத்து மலைக்காரப் பொண்ணு. நாம ரெண்டு பேருமே வேதக்காரங்க இல்ல. ஆனாலும் செபக்கருத்து நோட்டு எழுதற வேலை என் தலையிலதான் விழுந்தது. "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு"ன்னு பெரிய சிஸ்டர் ஒரு நாள் சொன்னாங்க. புகழ்ச்சிக்கு மயங்கினா வேலை கூடும்னு எங்கம்மா சொல்லியும் எனக்குப் புத்தி வரல.

நோட்டைத் திறந்தா இடது பக்கம் உடம்பு முடியாதவங்க, வலது பக்கம் இறந்தவங்க. நேத்துப் பக்கத்தைப் பார்த்து, மாத்த வேண்டியதை மாத்தி, இன்னைக்குப் பக்கத்துல எழுதணும். பிரேயர்ல ஒரு பொண்ணு மைக் முன்னாடி நின்னு படிக்கும். இடது பக்கத்துப் பேர் ஒவ்வொண்ணுக்கும் மொத்த ஸ்கூலும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு சொல்லும். வலது பக்கத்துப் பேருக்கு யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. மணி அடிக்கிற வரைக்கும் மௌனம்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பேரை வலது பக்கம் எழுதணும்னா வீட்டு ஆளுங்க கைப்பட எழுதின சீட்டு, மாதா சிலை வைச்சிருக்கற கெபி பக்கத்துல இருக்கற பெட்டிக்கு வரணும். அந்தச் சட்டத்துக்கும் நான்தான் காரணம். ஆறாவது படிக்கிற ஒருத்தியோட தாத்தா போய்ட்டாருன்னு வேன்காரர் சொன்னதைக் கேட்டு ஒரு தடவை எழுதிட்டேன். மத்தியானம் அந்தத் தாத்தா சோத்துத் தூக்கோட கேட்டுல நிக்கிறார். "ஏம்மா, என்ன எப்ப பொதைச்சீங்க?"ன்னு அவர் கேட்டதை ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச நீ. அன்னைலேர்ந்து சீட்டு இல்லாம வலது பக்கம் ஒரு எழுத்து ஏறாது.

போன வருஷம் உனக்குக் கேன்சர்னு புதுச்சேரி ஆஸ்பத்திரியில சொன்னாங்க. மறுநாளே இடது பக்கத்துல முதல் பேரா உன் பேரை எழுதினேன். அரையாண்டு லீவுல நீ செத்த. மலைக்கு வந்தேன். உங்க நிலத்து ஓரமா உன்னைக் குழிக்குள்ள இறக்கும்போது நான் என்ன நினைச்சேன் தெரியுமா? மூணு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு யார்கிட்ட கேக்கலாம்னு நினைச்சேன். சத்தியமா அதுதான். பக்கத்துல பொம்பளைங்க மாரடிச்சு அழுதாங்க. எனக்குக் கண்ணுல ஒரு சொட்டு வரல. நான் என்ன மனுஷின்னு அன்னைக்குக் கூடத் தோணல.

லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்தது. இரங்கல் கூட்டம் வைச்சாங்க. அதுக்குச் சுற்றறிக்கை அடிச்சது நான், உன் போட்டோவுக்கு மாலை வாங்கிட்டு வந்ததும் நான். மறுநாள் காலைல நோட்டைத் திறந்தேன். லீவுக்கு முன்னாடி எழுதின பக்கம் இருந்தது. முதல் பேர் நீ. பார்த்து எழுதினேன். தெரியாம எழுதினேன்னு சொன்னா பொய். தெரியும். சீட்டு வரலியே, சீட்டு வராம எப்படி மாத்தறதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உன் வீட்டுக்காரர் சேகருக்கு இந்தச் சீட்டு விஷயமே தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

நீ கேப்ப, அத்தனை பேர்ல ஒருத்தர் கூடவா கேக்கலன்னு. கேக்கல. பூனைக்கு யார் மணி கட்டறதுன்னு டீச்சருங்க இருந்தாங்க. பெரிய சிஸ்டர் சொல்லித்தான் நான் எழுதறேன்னு அவங்க நினைச்சாங்க. உன் வீட்டுல அப்படி எழுதச் சொல்லியிருக்காங்கன்னு பெரிய சிஸ்டர் நினைச்சாங்க. பிள்ளைங்க எழுதியிருக்கறதைப் படிக்கும். "உடற்கல்வி ஆசிரியை அலமேலு அவர்கள் உடல்நலம் பெற." கேட்டருளும். முடிஞ்சது. அடுத்த பேர்.

உன் மக நிவேதா ஒன்பதாவது பி வரிசையில கடைசியா நிப்பா. ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்தா அவ பின்னந்தலை தெரியும். அவளும் வாயைத் திறந்து சொல்றாளா, இல்லையான்னு நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கல. பாடத்துல குறை வைக்கல. சாப்பிட்டா. என்னைப் பார்த்தா "பெரிம்மா"ன்னு லேசா சிரிச்சா. பிள்ளை தேறிட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

மார்ச் கடைசியில சேகர் ஆபீசுக்கு வந்தார். மூங்கில்துறைப்பட்டு மில்லுல ஷிப்டு முடிச்ச சட்டையோடவே வந்தார். நிவேதாவுக்கு டி.சி. வேணும்னு மனு எழுதி வைச்சிருந்தார்.

"எங்க அக்கா வூடு மணலூர்பேட்டைல இருக்குதுக்கா. அங்கயே பத்தாவது சேத்துடலாம்னு இருக்கேன். நான் ஷிப்டுக்குப் போய்க்கினு இருந்தா, நாலரைக்கு மேல பொட்டப்புள்ள வூட்ல ஒண்டியா கெடக்குது. இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"அவ என்ன சொல்றா?"

"சரின்னு சொல்லிடுச்சுக்கா. நானே எதிர்பாக்கல."

ஆஸ்பத்திரியில நீ என் கையைப் புடிச்சிக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்ட. "யக்கா, பத்தாவது முடிக்கிற வரைக்கும் அவ இந்த ஸ்கூல்லயே இருக்கணும். பாத்துக்க." நான் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டின நானே நாற்காலியில உட்கார்ந்து சேகர் மனுவை வாங்கி, தேதி முத்திரை குத்தி, ஃபைல்ல வைச்சேன். எங்க வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும்தான், பையன் கோயம்புத்தூர்ல இருக்கான், சாயந்தரம் பிள்ளை எங்க வீட்டுக்கு வரட்டும்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. சொல்லல. உடம்பு மரத்துப் போச்சுன்னு சொல்வாங்களே, எனக்கு வாய் மரத்துப் போச்சு.

அதோட விட்டேனா? டி.சி. எழுதவும் ஆரம்பிச்சேன். நடத்தை: மிக நன்று. தாயார் பெயர்: அலமேலு. அதையும் முத்து முத்தா எழுதினேன்.

இந்த வாரம் பிரேயர் படிக்கிற முறை ஒன்பதாவது பி-க்கு. வருகைப் பதிவு வரிசையில ஒரு நாளைக்கு ஒருத்தி. புதன்கிழமை நிவேதா பேர் வருதுன்னு எனக்குத் திங்கள்கிழமையே தெரியும். அந்தப் பட்டியலையும் எழுதற ஆளு நான்தானே. மாத்தியிருக்கலாம், நோட்டுல உன் பேரை அடிச்சிருக்கலாம். செவ்வாய் சாயந்தரம் நோட்டைத் திறந்து, உன் பேரை இடது பக்கம் முதல்ல எழுதி, மூடி வைச்சிட்டு வீட்டுக்குப் போய் ரசம் வைச்சேன்.

புதன்கிழமை அவ மைக்குக்கு வந்தா. ரெட்டை சடை, ரிப்பன் நேரா இருந்தது. நோட்டைப் பிரிச்சா. முன் வரிசையில டீச்சருங்க எல்லாரும் ஒரே சமயத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் ஜன்னல் கம்பியைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். ஓடிப் போய் நோட்டைப் பிடுங்கியிருக்கலாம், இருபதடி தூரம்தான். போகல.

"எங்கள் உடற்கல்வி ஆசிரியை அலமேலு அவர்கள் உடல்நலம் பெற, உம்மை மன்றாடுகிறோம்."

தடுமாறல. குரல் உன் குரல் மாதிரியே, மைக் இல்லாமலே கிரவுண்டு கடைசி வரைக்கும் போற குரல். கேட்டருளும்னு பாதிப் பேர் சொன்னாங்க. மீதிப் பேர் சொல்லல. அவ அடுத்த பேருக்குப் போனா. முழுசாப் படிச்சு முடிச்சு, நோட்டை மூடி, நேரா ஆபீசுக்கு வந்து என் மேஜை மேல வைச்சா.

"பெரிம்மா, இத எப்ப மாத்துவீங்க?"

"எதடி?"

"அம்மா பேர."

நான் சொன்ன பதிலைக் கேளு. "சீட்டு வரலியே கண்ணு." அந்தப் பிள்ளைகிட்டப் போய், அந்த நேரத்துல, அதைச் சொன்னேன் அலமேலு. என் நாக்குல சூடு வைச்சாலும் தகும்.

அவ கோவப்படல. என் மேஜையிலேர்ந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தா, என் பேனாவையே எடுத்தா. "ச. அலமேலு. என் அம்மா. இறந்துட்டாங்க." எழுதி, மடிச்சு, என் முன்னாடி வைச்சா.

"இத்தன நாளா ஏண்டி இதக் குடுக்கல?"

"நீங்கதான பெரிம்மா தெனமும் எழுதறீங்க. உங்களுக்கு அப்டி எழுதணும் போல இருக்குதோன்னு நெனச்சேன். நீங்க மலைல கூட அழல. அம்மாவப் பெத்த ஆயா கூடக் கேட்டாங்க, அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சுன்னு. ஆனா எனக்கு தெனம் அதக் கேக்க முடியல. அதான் அப்பா டி.சி. வாங்கிடட்டுமான்னு கேட்டப்ப சரின்னுட்டேன். அங்க போனா கேக்க வேணாம் இல்ல?"

புரியுதா உனக்கு? ஒன்பதாவது படிக்கிற பிள்ளை மூணு மாசமா என்னைத் தாங்கிக்கிட்டு இருந்திருக்கு. தாங்க முடியாமப் போனதும், என்னை ஒரு வார்த்தை சொல்லாம, அது ஸ்கூலை விட்டுப் போகக் கிளம்பியிருக்கு. நீ என்கிட்ட ஒப்படைச்ச பிள்ளையை நானே தினமும் ஒன்பது மணிக்கு வெளிய தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு வெக்கமா இருந்தது. நீ செத்ததுக்கு அப்புறம் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்த வெக்கம்தான்.

"உனக்குப் போவணுமா?"

"வேணாம்."

"அப்ப இரு."

"அப்பா ஷிப்டு?"

"எங்க வூட்ல இரு. உங்கப்பா வந்து கூட்டிக்கட்டும். நைட் ஷிப்டுன்னா அங்கயே படுத்துக்க."

அவ்வளவுதான். மூணு மாசம் வாயில வராதது ரெண்டு வரியில முடிஞ்சது. சாயந்தரம் சேகரை வரச் சொன்னேன். நோட்டுல நடந்தது, நான் பண்ணினது, எதையும் மறைக்கல. சாயந்தரம் பிள்ளை எங்க வீட்டுல இருக்கட்டும்னும் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "உங்களுக்கு எதுக்குக்கா செரமம்னுதான் நான் கேக்கல"ன்னு மட்டும் சொன்னார். மனுவைத் திருப்பி வாங்கிக்கிட்டார். நான் பாதி எழுதின டி.சி. மேல குறுக்கே கோடு போட்டு, ரத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்னைக்கே வலது பக்கம் எழுத உட்கார்ந்தேன், முடியல. வியாழக்கிழமை உன் பேர் எந்தப் பக்கத்துலயும் இல்ல. பெரிய சிஸ்டர்கிட்டப் போய் ஒப்புக்கிட்டேன். "நாங்களும் கேட்டிருக்கணும் மிஸ்"னு சொன்னாங்க. அவங்க கண்ணு கலங்கியிருந்தது, என்னுது இல்ல.

நேத்து வெள்ளிக்கிழமை எழுதினேன். வலது பக்கம், கடைசிப் பேரா. எழுத்து கோணலாத்தான் வந்தது. பிரேயருக்கு ஜன்னல்ல நிக்காம கிரவுண்டுக்கே போய், ஒன்பதாவது பி வரிசையில நிவேதா பக்கத்துல நின்னேன். இடது பக்கம் படிச்சாங்க, எல்லாரும் சொன்னாங்க. வலது பக்கம் படிச்சாங்க. உன் பேர் வந்தது.

யாரும் ஒண்ணும் சொல்லல. அத்தனை பொண்ணுங்களும் வாய மூடிக்கிட்டு நின்னாங்க. ஒருத்தியாவது பழக்க தோஷத்துல கேட்டருளும்னு சொல்லிட மாட்டாளான்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். யாரும் சொல்லல. நிவேதா என் கையைப் புடிச்சா. அப்பத்தான் எனக்கு அழுகை வந்தது, புடவைத் தலைப்பை வாயில வைச்சு அடைச்சும் நிக்கல. மணி அடிச்சு, வரிசை எல்லாம் கிளாசுக்குப் போய், கிரவுண்டு காலியானதுக்கு அப்புறமும் நிக்கல. எல்லாருக்கும் நீ டிசம்பர்ல செத்த. எனக்கு நீ நேத்துக் காலைல ஒன்பது மணிக்குத்தான் செத்துப் போன.

வர்ற வருஷம் முழுக்க சாயந்தரம் அவ என் வீட்டுக்கு வருவா. கணக்குல கொஞ்சம் கம்மியா வாங்கறா, அதுக்கு ஆள் பார்த்திருக்கேன். பத்தாவது இங்கதான் முடிப்பா. இந்தத் தடவை தலையாட்டல, வாயால சொல்றேன். இனிமே அவ எதைக் கேட்டாலும் சீட்டு எங்கன்னு கேக்க மாட்டேன்.

உன் யக்கா,
வசந்தி