அமைச்சர் வருந்துகிறார்

கில்மோர் துறை, கேப் பிரெட்டன்
12 செப்டம்பர் 1944

அன்புள்ள தம்பி மர்டாக்,

தலைநகர் ஆட்டவாவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? செய்தித்தாள் படத்தில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தாய். ஓட்ஸ் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். மந்திரிசபையில் பங்கு போட்டுவிடாதே.

நீ பாதுகாப்பு அமைச்சரானதிலிருந்து தந்தி ஆபீஸில் என் பாடு திண்டாட்டம். தந்திக் கருவி தட்டத் தொடங்கியதும் பென்சிலை எடுத்து எழுதுகிறேன். சாவுச் செய்தி எல்லாமே ‘பாதுகாப்பு அமைச்சர் ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. நீ அங்கே வருந்துகிறாய், நான் இங்கே வீடு வீடாகக் கொண்டுபோகிறேன். போன வாரம் மக்கீவர் வீட்டு அம்மா கதவையே திறக்கவில்லை. “உன் தம்பிகிட்டயே திருப்பிக் குடுத்துடு எஃபி!” என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

லாக்லன் இத்தாலியில் இரண்டாம் முறை குண்டடி பட்டுக் கிடக்கிறான். புண் ஆறியதும் மறுபடி போர்முனைக்கே அனுப்புவார்களாம். என் பிள்ளையை இங்கிலாந்தில் ஏதாவது கிடங்கு வேலையில் போட்டுவிடு. உனக்கு ஒரு கையெழுத்து. இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

உன் அக்கா,
எஃபி


ஆட்டவா
8 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

ரொட்டியை ஒளித்து வைத்துத்தான் தின்றேன்.

இத்தாலி போய் வந்தேன். லாக்லனைப் பார்த்தேன். மீசை வைத்திருக்கிறான். புண் ஆறாதவர்களைக்கூடத் திருப்பி அனுப்புகிறார்கள்; அவ்வளவு ஆள் பற்றாக்குறை. இங்கே உள்நாட்டுக் காவலுக்கென்று கட்டாயமாகச் சேர்க்கப்பட்டுப் பயிற்சி பெற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள். அவர்களைக் கப்பலேற்றினால் ஓட்டுப் போய்விடும் என்று பிரதமருக்குப் பயம். தினமும் அவரோடு மல்லுக்கட்டுகிறேன்.

“எங்களுக்கு ஆள் அனுப்புங்க மாமா. என்னை மட்டும் கூட்டிட்டுப் போனா இவனுங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” என்றான் உன் பிள்ளை.

நான் கையெழுத்துப் போடவில்லை, அக்கா. அவன் இடத்துக்கு இன்னொருத்தி பிள்ளையை அல்லவா அனுப்ப வேண்டும்? என்னை மன்னித்துவிடு.

தம்பி,
மர்டாக்


கில்மோர் துறை
20 அக்டோபர்

மர்டாக்,

நீ சொல்வது நியாயம்தான். நியாயமான தம்பியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இருபது வயதுப் பையன் வேறென்ன சொல்வான்? அவனிடம் போய் ஏன் கேட்டாய்?

உன் பேச்சை எடுத்தாலே உன் அத்தான் ரோரி எழுந்து படகுக்குப் போய்விடுகிறார். போகட்டும். அந்தச் சண்டையிலாவது ஜெயித்துவிடு.

எஃபி


ஆட்டவா
3 நவம்பர்

அன்புள்ள அக்கா,

தோற்றுவிட்டேன். ஆள் அனுப்ப மாட்டார்களாம். இன்று காலை பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். இனி அந்த நாற்காலியில் உட்கார மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அங்கே வரட்டுமா?

மர்டாக்


கில்மோர் துறை
14 நவம்பர்

மர்டாக்,

நேற்று மதியம் கருவி தட்டியது. முதலில் முகவரி வரும். உன் அத்தான் பெயரை என் கையே எழுதியது. நடுவில் நிறுத்தக் கூடாது என்பது விதி. கடைசி வார்த்தை வரை எழுதினேன்.

தந்தியை வீட்டுக் கதவைத் தட்டித்தான் கொடுக்க வேண்டும். என் வீட்டுக் கதவையே தட்டினேன். ரோரி திறந்தார். என் கையில் இருந்த உறையைப் பார்த்தார்.

“பாவம், யார் வீட்டுக்கு எஃபி?” என்றார்.

லாக்லன் இறந்தது அக்டோபர் இருபத்திரண்டில். அன்றைக்கு நீதான் அமைச்சர். தந்தி வந்த அன்று வேறொருவர். ஆழ்ந்த வருத்தம் என்று போட்டிருக்கிறதே, அது யாருடையது என்று உன் அத்தான் கேட்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு வராதே. நீ விலகிக்கொண்டாய். எனக்கு நாளைக்கும் ஆபீஸ் இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எஃபி