வாய் திறக்காத சத்தியம்

மகளே,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுபது வயதில் நானே எழுதும் முதல் கடிதம். முதியோர் வகுப்பில் இப்போதுதான் எழுத்துப் படித்தேன்.

நீட் தேர்வு நடந்த பள்ளி வாசலில், ‘பெற்றோர் இதற்குமேல் வரக்கூடாது’ என்ற பலகையை யார் உதவியும் இல்லாமல் வாசித்தேன். வாசித்ததால் அங்கேயே நின்றுவிட்டேன். நகை கூடாதென்று பேத்தி நந்தனா கழற்றித் தந்த மூக்குத்தி மூன்று மணி நேரம் என் கைக்குள் இருந்தது.

வெளியே வந்தவள், “பாட்டா, பாதிக் கேள்விய தொடவேயில்ல. அம்மைட்ட நீரு வாயத் தொறக்கப்பிடாது,” என்றாள். அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். நீ போனில் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.

நான்கு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். பரீட்சையைப் பற்றிக் கேட்காமல், சாப்பிட்டியா என்று மட்டும் கேள். இது மஸ்கட் வந்துசேரப் பத்து நாளாகுமாம். அதுவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமும் எழுதுகிறேன்.

அப்பா