இரண்டாம் வாக்குக்கு முந்திய சோற்றுப் பார்சல்

மச்சான்,

இன்று காலை மோர்னிங்சைட் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றின் விளையாட்டு மண்டபத்துக்குள் கால் வைத்தேன். என் அக்காவின் மகளுக்குப் பரிசளிப்பு விழா. தரைக்குப் பூசிய மெழுகும் ரப்பர்ச் சப்பாத்தும் கலந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீ பக்கத்தில் வந்து நின்றாய். அதே பச்சைக் கழுத்து ரை, ஒலிவாங்கியே வெட்கப்படும் அதே குரல். பிறகு மேடையில் யார் என்ன பரிசு வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நீ கண்ணை மூடி ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றாக மூச்சை நிறுத்தப் போகின்றனவாம். நீ இருந்திருந்தால் அதைக் கண்டித்தும் ஒரு கூட்டம் வைத்திருப்பாய், நான் கதிரை அடுக்கியிருப்பேன்.

கனடாவில் எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் சனிக்கிழமை தோறும் சம்பளமில்லாமல் இருந்தவன் நீ. ஊரிலுள்ள உறவுகளை இங்கே எடுப்பிக்க ஸ்பொன்சர் அலுவல் என்று வருகிற எங்கள் சனத்துக்கு நீதான் வாய், நீதான் காது. தேர்தல் வந்தால் அந்த மனிதரின் பெயர்ப் பலகைகளைப் பனிக்குள் நட்டவனும் நீதான். அவரோ எங்கள் விழாக்களுக்கு வருவார், மாலை போடுவார், 'வணக்கம்' என்பார், ரோல்ஸ் சாப்பிடுவார். அவர் தின்ற ரோல்ஸை வரிசையாக வைத்தால் அடுத்த ஊர் அஜக்ஸ் வரை ஒரு பாதை போடலாம். அலுவல்தான் நடக்காது.

பரமேஸ்வரி அன்ரியின் கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார். அன்ரி சனிக்கிழமை தவறாமல் உனக்கு முன்னால் வந்து உட்காருவார். நீ எம்.பி.யிடம் சொல்வாய். அவர் "பார்க்கிறேன்" என்பார். பார்த்து முடிவதற்குள் அந்த மனிதர் லொட்ஜிலேயே செத்துப்போனார். செய்தி சொல்ல வந்த அன்ரி அழவில்லை. "தம்பி, இனி அந்த பைலை மூடலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் நீ என்னிடம் வந்தாய். "மச்சான், இந்த முறை நொமினேஷனுக்கு நான் நிக்கப்போறன்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டேன். ஒரு தொகுதியில் கட்சியின் வேட்பாளர் யார் என்று உறுப்பினர்கள்தான் வாக்குப் போட்டுத் தீர்மானிப்பார்கள். பதவியில் இருப்பவரும் அந்த வாசலால்தான் வரவேண்டும். ஆனால் அவரை எதிர்த்து அவருடைய ஆளே நிற்பதென்றால்?

"சொந்தக் கட்சிக்குத் துரோகம் எண்டு சொல்லுவாங்களடா."

"கட்சியோடை எனக்கென்ன கோவம்? கதிரையிலை இருக்கிற ஆளைத்தானே மாத்தச் சொல்லிறன்."

அந்தக் கணமே என்னை உன் படைத்தளபதியாக நானே நியமித்துக்கொண்டேன். உறுப்பினர் சேர்க்க அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் நாங்கள் ஏறாத லிப்ட் இல்லை. ஏறிய உயரத்தையெல்லாம் கூட்டினால், சந்திரனில் இறங்கி அங்கேயும் இரண்டு பேரைச் சேர்த்திருக்கலாம்.

கூட்டத்தன்று இதே மாதிரிப் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபமொன்றுக்கு மஞ்சள் பஸ்களில் எங்கள் சனம் வந்து இறங்கியது. கனடா ஒருமுறை நடுங்கியது, குளிராலும் இருக்கலாம். போட்டியில் மூன்று பேர்: எம்.பி., நீ, ஒரு வழக்கறிஞர். முதல் வாக்கில் நீதான் முன்னுக்கு. ஆனால் பாதிக்கு மேல் ஒருவருக்கும் இல்லை. வழக்கறிஞரை விலக்கிவிட்டு, மறுபடி வாக்கு என்றார்கள். எங்கள் சனத்துக்குக் கேட்டதெல்லாம் நீ முன்னுக்கு என்பதுதான். மண்டபம் விசிலில் கிழிந்தது.

வாக்குச் சீட்டு அடித்து வர நேரமாகும் என்றார்கள். காலையில் வந்த சனம் பசியில் வாடிப்போய் இருந்தது. பரமேஸ்வரி அன்ரிக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும்; சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கொண்டுவந்திருந்த சோற்றுப் பார்சல் பெட்டிகளை நீ திறக்கப் போனாய். நான் பாய்ந்து மறித்தேன்.

"விசரே உனக்கு? எங்கடை சனம் சாப்பிட்டால் விசேஷம் முடிஞ்சுதெண்டு வெளிக்கிட்டிடும். கலியாண வீட்டிலை கண்டனியெல்லோ?"

"கண்டனான்."

"பேந்தென்ன? வோட்டுப் போட்ட பிறகு குடு."

"சோத்தைக் காட்டி மறிச்சு வைக்கிறதோ? பெட்டியை விடு."

விட்டேன். அவர்கள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், உன் கையைப் பிடித்து "வாழ்த்துக்கள் தம்பி" என்றார்கள். வெளியே பஸ் நின்றது. ஏறினார்கள். "அண்ணை, அன்ரி, இன்னும் ஒருக்காப் போடவேணும்!" என்று நான் பனியில் வழுக்கி வழுக்கி ஓடினேன். "எங்கடை பிள்ளை வெண்டிட்டாரெல்லே" என்று யன்னலால் கை காட்டினார்கள். கொஞ்சப் பேரை இறக்கினேன். போதவில்லை.

இரண்டாம் வாக்கில் எம்.பி. வென்றார். நீ மேடையேறி அவர் கையைப் பிடித்து உயர்த்தி, அவரே ஏகமனதான வேட்பாளர் என்று முன்மொழிந்தாய். மிஞ்சியிருந்த எங்கள் ஆட்கள் கூக்குரலிட்டார்கள். எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் ஒன்ராறியோ ஏரியே கொதித்திருக்கும்.

அன்று பின்னேரம் இருவரும் உன் வீட்டில் இருந்தோம். கதவு தட்டப்பட்டது.

நீயும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஊரில், இயக்கத் தலைவனுக்கு எதிராக வாய் திறந்தவன் வீட்டில் இப்படித்தான் தட்டினார்கள். என் தம்பியை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்; இன்னும் வரவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. உனக்கும் அந்தத் தட்டல் தெரியும். ஆனால் நீ எழுந்தாய். சங்கிலியைக் கழற்றினாய்.

எம்.பி. தனியாக நின்றார். தொப்பி கையில், தோளில் பனி.

"சனிக்கிழமை வருவீரா?" என்று கேட்டார்.

"நீங்கள் வந்து பக்கத்தில் இருந்தால் வருவேன்" என்றாய்.

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவரும் வந்து உன் பக்கத்தில் இருந்தார். அன்ரியின் கணவருக்கு அது உதவவில்லை. வேறு சிலருக்கு உதவியது. நீ தோற்றது தோற்றதுதான், அதை நான் பூசி மெழுகமாட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு நீ அதில் சாய்ந்து நின்றாய். "எதிர்த்து நிண்டனான், மச்சான். தோத்தனான். அந்தாள் வந்து வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டிட்டுப் போகுது" என்றாய். உன் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நீ போன பிறகு என் வீட்டு அழைப்புமணி பழுதாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் கதவைத்தான் தட்டுகிறார்கள். நான் எழுந்து போய்த் திறக்கிறேன். கதவுத் துவாரத்தால் யாரென்று பார்ப்பதில்லை.