ஸ்ட்ராபெரிக்கு நீ அடித்த மருந்து

இரேனா,

எழுந்ததும் இதைப் படி. பக்கத்துத் தோட்டத்து ஸெனெக்கிடம் வாங்கி நேற்று ஸ்ட்ராபெரிக்கு நீ அடித்தது மருந்தில்லை, விஷம். இரண்டு வாரத்துக்குப் பழத்தைத் தின்னக்கூடாதென்று டப்பாவில் போட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

மத்தியானம் பேத்தி வருகிறாள். நேரே பாத்திக்கு ஓடிக் கழுவாமலே வாயில் போடுவாள். நம் தோட்டத்தில் விஷமே கிடையாதென்று பழக்கியது நான்தானே.

அவள் வருவதற்குள் காய், பழம் எல்லாம் பறித்துப் புதைத்துவிடு. செங்கல் சூளையில் முதலாளி லீவு தரமாட்டான், இல்லையென்றால் நானே செய்வேன். தோட்டத்துச் சாவி ஆணியில். பீட்ரூட் சூப் அடுப்பில்.

"புழுவுக்கு நீ ஊத்துற காஞ்சொறித் தழை ஊறின தண்ணி நாறுதுய்யா, ஊரே மூக்கப் பொத்துது" என்று ராத்திரி கத்தினாயே, மிச்சத்தைச் சாயங்காலம் கத்து. கேட்கிறேன்.

வால்டெக்

கையுறை போட்டுப் பறி. கோபம் உன் மேல்தான், உன் கை மேல் இல்லை.